பின்பக்கத்துப் பெயர்

“சார், பலகைய நான் சரியாத்தான் மாட்டுனேன்” என்று சர்வேயர் வீட்டில் தச்சர் மூன்றாவது தடவையாகச் சொன்னார். நாற்காலி போட்டும் அவர் உட்காரவில்லை. மறுநாள் காலை அவரை வக்கீலோடு ஸ்டேஷனுக்கு வரும்படி இன்ஸ்பெக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

விஷயம் ஊரறிந்ததுதான். ஏரியைச் சுற்றி ஒரு நடைபாதை. அதற்கு வழிப்பலகை, பெஞ்சு, குடிநீர்க் குழாய் எல்லாம் ஊர்க்காரர்களே கமிட்டி அமைத்து நிதி திரட்டி வைத்தார்கள். பலகை எட்டு, அவற்றின் செலவை ஏற்றுக்கொண்டவர்களும் எட்டுப் பேர். பாதை பிரியும் இடத்தில் இடப்பக்கம் போனால் ஏரி, வலப்பக்கம் போனால் கைவிடப்பட்ட கல்குவாரி. செப்டம்பர் பன்னிரண்டு, வியாழக்கிழமை விடியற்காலை, அங்கிருந்த பலகையின் கூர்முனை குவாரியைக் காட்டிக்கொண்டிருந்தது. வேலைக்கு வந்து இரண்டு வாரமே ஆன டீச்சர் பெண் மூடுபனியில் அதை நம்பி நடந்தாள். அறுபதடிப் பள்ளத்திலிருந்து அவளைத் தூக்க மத்தியானம் ஆகிவிட்டது.

“தப்பா மாட்டி ஒரு பொண்ணக் கொன்னுட்டேன்னு என் பொண்டாட்டியே நெனைக்கிறா சார்” என்றார் தச்சர்.

சர்வேயர் எழுந்து சட்டையை மாட்டினார். முப்பது வருடம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். ஊரில் சிக்கல் என்றால் அவரிடம்தான் வருவார்கள். அதிகம் பேசமாட்டார். அந்தக் குறையை அவர் மனைவியின் தம்பி தீர்த்துவைப்பான். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவனுக்குத் துப்பறிவதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். கடைக்கு ஷட்டரை இழுத்துவிட்டு முதல் ஆளாக வண்டியில் ஏறினான்.

போலீஸ் பாதையை மூடி வைத்திருந்ததால் பலகை இன்னும் அப்படியே இருந்தது. அம்பு வடிவத்தில் ஒரு மரத்துண்டு, கம்பத்தின் முன்புறம் இரண்டு போல்ட்டில் நின்றது. வருகிறவர் கண்ணில் படுவது ஒரு பெயர்தான்.

“‘ஏரி’ன்னு செதுக்குன பக்கம்தான் முன்னால இருக்கணும். குடுத்தவங்க பேரு பின்னால. வழி காட்டுற பக்கம் சுத்தமா இருக்கணும்னு கமிட்டி சொல்லிருச்சு” என்றார் தச்சர்.

மச்சினன் சத்தமாகப் படித்தான். “தையல்காரம்மாவோட பையன் பேரு. பிறப்பு செப்டம்பர் பதினொண்ணு. மறைவு மார்ச் மூணு. போன வருஷம் காய்ச்சல்ல போனானே, பாவம்.”

சர்வேயர் பெயருக்கு நடுவே விரலால் தடவினார். அங்கே கம்பத்தின் அகலத்துக்கு ஒரு பட்டை வெளுப்பாக, புது மரம் போல இருந்தது. பிறகு மற்ற ஏழு பலகைகளையும் சுற்றிப் பார்த்தார். அவற்றின் பின்பக்கப் பெயர்களில் சிலந்திவலையும் புழுதியும் அப்பிக் கிடந்தன. இந்தப் பெயரில் மட்டும் எழுத்துக் குழிகள்கூடத் துடைத்த மாதிரி இருந்தன.

“கைரேகைய அழிச்சிருக்கான் அத்தான்! குவாரி ரோட்டு டீக்கடைக்காரர்தான். குவாரிப் பக்கம் ஆள் திரும்பினா அவருக்குத்தானே வியாபாரம்? பலகை கேட்டு கமிட்டியோட சண்டையே போட்டாரு.”

“போல்ட்டப் பாரு மாப்ளே. கிரீஸு கலைஞ்சு ஈஷிக் கெடக்கு, யாரும் துடைக்கல. ரேகைய அழிக்கிறவன் அத விட்டுட்டு எழுத்தையா துடைப்பான்?”

மச்சினனின் முகம் சுருங்கியது. டீக்கடைக்காரரை அவன் வழியெல்லாம் தூக்கில் போட்டுப் பார்த்திருந்தான்.

“இந்தப் பாதையில எல்லாரும் ஒரே திசையிலதான போறாங்க?” என்று சர்வேயர் கேட்டார்.

“ஆமா சார். ஒரு சுத்து சுத்தி அந்தப் பக்கம் வாசல்ல வெளியேறிடுவாங்க. யாரும் இதே வழியில திரும்ப மாட்டாங்க.”

“அப்ப பின்பக்கத்துப் பேர யாரு படிக்கிறது?”

தச்சர் பலகைக்குப் பின்னால் இருந்த புதரை எட்டிப் பார்த்தார். வருடக்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசிய கமிட்டியில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் கமிட்டி அறையில் இன்ஸ்பெக்டர், செயலாளர், டீக்கடைக்காரர், தச்சர், தையல்காரம்மா ஐவரும் இருந்தார்கள். சர்வேயர் நின்றபடியே பேசினார்.

“பெயர் இருக்கிற பக்கத்துல கம்பத்தின் தடம் இருக்கு. பலகை வச்ச ரெண்டு மாசமா வெயில் படாத தடம். அப்படின்னா அந்தப் பக்கம் கம்பத்த ஒட்டித்தான் இருந்திருக்கு. தச்சர் சரியாத்தான் மாட்டியிருக்காரு. சமீபத்துலதான் யாரோ கழட்டித் திருப்பியிருக்காங்க. பின்பக்கத்த முன்னால திருப்புனா கூர்முனையும் இடப்பக்கத்துலேருந்து வலப்பக்கம் போயிடும். தினம் நடக்கிறவங்க பலகையப் பாக்கிறதில்ல. அதனால யாருக்கும் தெரியல.”

“யாரு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“வழிய மாத்தணும்னு அவங்க நெனைக்கல. அந்தப் பேரு தெரியணும்னு நெனைச்சாங்க. எழுத்து எழுத்தா துடைச்சிருக்காங்க. டீச்சர் செத்ததுக்கு முந்தின நாள் பதினொண்ணாம் தேதி.”

அது பலகையில் இருந்த பிறந்த தேதி. அதைச் சத்தமாகப் படித்தவன் மச்சினன்தான். தையல்காரம்மாவை நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அவள் அழவில்லை. “ஒரு வருஷம் பை தச்சு வித்து அந்தப் பலகைக்குக் குடுத்தேன். திறப்பு விழாவுல பாத்தா எம் புள்ள பேரு புதரப் பாத்து நிக்குது. கமிட்டில கேட்டேன், விதி விதிதான்னாங்க. அவன் ஓடுன பாதைய்யா அது. பொறந்தநாள் ஒரு நாளாவது நாலு பேரு படிக்கட்டும்னு புதன்கிழமை காலைல திருப்புனேன். சாயங்காலம் இருட்டுற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன். வெளியூர்க்காரங்க எத்தனையோ பேரு நின்னு படிச்சாங்க. ஏரிக்குப் போற வழி தெரியாதவங்களுக்கு நானே காட்டுனேன். கழட்ட மனசு வரல. விடிஞ்சதும் மாத்திக்கலாம்னு வீட்டுக்குப் போயிட்டேன். விடிஞ்சு வந்தா குவாரிகிட்டக் கூட்டமா இருந்துச்சு.”

“நாலு நாளா ஏன் சொல்லல?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“பயம்” என்றாள். “அப்புறம் பலகையக் கழட்டிடுவீங்களேன்னு.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நாலு நாள் பழி சுமந்த தச்சர் எழுந்து அவளருகே போனார். அடிக்கப்போகிறார் என்றே மச்சினன் நினைத்தான்.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா” என்றார் தச்சர். “ரெண்டு பக்கமும் செதுக்கியிருப்பேனே. அரை மணி நேர வேல.”

செயலாளர் விதிகள் எழுதிய நோட்டை மெல்ல மூடினார். மூடச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

தையல்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரோடு எழுந்தாள். வாசலில் நின்றாள்.

“அந்தப் பொண்ணோட அப்பா இன்னும் லாட்ஜுலதான இருக்காரு? மொதல்ல அங்க கூட்டிட்டுப் போங்க. புள்ள போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். வேற யாரு வாயாலயும் அவரு இதக் கேக்கக் கூடாது.”