தணிகாசலத்தின் வலைத்தொப்பி

தேனீ வளர்ப்பு மாலை வகுப்பு முடிந்து, இராமதாஸ் பெஞ்சுகளை ஓரம் தள்ளிக்கொண்டிருந்தான். முதல் நாள் வாழைப்பழம் தின்றபடி வந்து, போய் வாய் கொப்பளித்துவிட்டு வா என்று வாத்தியாரிடம் திட்டு வாங்கியதிலிருந்து, எதையும் இரண்டு தடவை யோசித்துத்தான் செய்வான். நிமிர்ந்து பார்த்தவன் திடுக்கிட்டான். வாசலில் முகமே இல்லாத ஒருத்தி நின்றாள்.

நெற்றி, கன்னம், காது எல்லாம் வீங்கி ஒன்றாகியிருந்தன. குரலை வைத்துத்தான் ரெட்டியார்பாளையத்துக் கமலா என்று தெரிந்தது. அவளும் அதே வகுப்புதான்.

"அக்தரக்கா, வெள்ளிக்கிழமை என்னை அம்மா வூட்டுக்கு அனுப்பப் போறாங்க. இனிமே புருஷன் வூட்டுப் படி ஏறக்கூடாதாம்."

பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்தர் பேகம் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பொழுதுபோக்குக்காக வகுப்பில் சேர்ந்தவர். தெரிந்தவர்கள் வீட்டில் என்ன முடிச்சு விழுந்தாலும் அவிழ்க்க அவரிடம்தான் வருவார்கள். கமலாவை உட்காரவைத்தார்.

"நிதானமாச் சொல்லும்மா."

கமலாவின் கணவன் தணிகாசலம் காய்ச்சலில் இறந்து நாலு மாதம். அவன் விட்டுப்போன தேனீப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளத்தான் அவள் வகுப்பில் சேர்ந்தாள். "அவரு வலைத்தொப்பியப் போட்டுக்கினு பெட்டியத் தொறந்தா, ஒவ்வொரு தடவையும் மூஞ்சியிலேயே வந்து கொட்டுது. பக்கத்துல வெறுந்தலையோட நிக்கிற என் கொழுந்தன ஒண்ணும் பண்ணல. எங்க வூட்டுக்காரரு ரூம்ல வாழப்பழ வாசன வேற. வூட்ல ஒரு பழம் கெடையாது. 'எம் புள்ள வந்துட்டான், உன்ன வேணாங்கறான்'ன்றாங்க எங்க அத்தை."

இராமதாஸுக்குக் கை ரோமம் குத்திட்டது. அக்தர் பேகமோ அவளது கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையில கொட்டலியா? உறை போட்டிருந்தியா?"

"வெறுங்கைதான்க்கா. ஒண்ணு கூடக் கொட்டல."

"வலையில ஓட்டை இருக்குமோ?" என்றான் இராமதாஸ், தப்பாகக் கேட்கிறோமோ என்ற பயத்தோடு.

"பார்த்துடுவோம். நாளைக்கு வகுப்புத் தொப்பி ஒண்ணைப் பையில போட்டுக்கிட்டு வா."

மறுநாள் பிற்பகல் தணிகாசலத்தின் அறை வெறுமையாகக் கிடந்தது. ஆணியில் வலைத்தொப்பி மட்டும், தலை இல்லாமல், மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கனிந்த வாழைப்பழ வாசனை தொண்டை வரை இறங்கியது. வாசற்படியில் மாமியார் குஞ்சம்மாள், உள்ளே யாரோ தூங்குவதுபோலக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அவன் மத்த துணியெல்லாம் வண்ணாருக்கே குடுத்தாச்சு. தொப்பிய மட்டும் அரிதான் குடுக்க வேணாம்னுட்டான். அண்ணன் ஞாபகமாம்."

கொழுந்தன் அரிகிருஷ்ணன் சிரித்தபடி இராமதாஸிடம் மிட்டாய் நீட்டினான். "எடுத்துக்க தம்பி. எங்க கம்பெனிது, சேதராப்பட்டுல. எசன்ஸ் கலக்கறது நான்தான்."

அக்தர் பேகம் தொப்பியை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். வலையில் ஓட்டை இல்லை. எல்லோரையும் தோட்டத்துக்குக் கூப்பிட்டார்.

"அரி, உங்களுக்குத் தேனீன்னா பயமா?"

"எனக்கா? நல்லா கேட்டீங்க!" அவன் பெட்டியருகே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தேனீக்கள் அவனைக் கண்டுகொள்ளவில்லை.

"அப்படியே இதையும் போட்டுக்குங்க." தொப்பியை நீட்டினார்.

அரிகிருஷ்ணன் பின்வாங்கினான். "வேணாங்க... செத்தவரு தொப்பி."

"ஞாபகமா வச்சுக்கிட்டவரே நீங்கதானே? வெறுந்தலையோட நிக்கத் தைரியம் இருக்கு. வலை போட்டா பயமா? இது வகுப்புத் தொப்பி. உங்க அண்ணனோடது இராமதாஸ் பையில இருக்கு."

அவன் முகம் வெளுத்தது.

"ஒரு தேனீ கொட்டினா ஒரு வாசனை கிளம்பும். 'இங்க கொட்டு'ன்னு மத்ததுக்குச் சொல்ற வாசனை. வாழைப்பழ வாசனை மாதிரியே இருக்கும். அதுக்குத்தான் இராமதாஸை வாய் கொப்பளிக்க அனுப்பினாங்க. தேனீக்குக் கமலா மேல கோபமிருந்தா பெட்டிக்குள்ள விட்ட கையைத்தான் முதல்ல கொட்டியிருக்கும். வலை மூடின முகத்தை மட்டும் கொட்டுதுன்னா, கோளாறு வலையிலதான். யாரோ அதுல அந்த வாசனையைத் தடவியிருக்காங்க, வலை முகத்துல படற இடத்துல கொடுக்கு உள்ள இறங்கிடுது. இந்த வீட்டுல வாழைப்பழ எசன்ஸ் யார் கைக்கு எட்டும்?"

இராமதாஸ் பழைய தொப்பியை ஒரு கழியில் மாட்டிப் பெட்டி முன் நட்டுவிட்டு விலகினான். ரீங்காரம் மாறியது. தேனீக்கள் கொத்துக்கொத்தாக வந்து வலையில் அப்பின. உள்ளே கறுப்பாக, அசைந்துகொண்டே, ஒரு முகம் உருவாவதுபோல இருந்தது. காரணம் தெரிந்த பிறகும் அவனால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணி அவங்களா போயிட்டா வூடு எனக்குன்னு..." அரிகிருஷ்ணன் யாரையும் பார்க்காமல் முனகினான். "உயிரு போற அளவுக்கு ஒண்ணும் நெனைக்கல."

குஞ்சம்மாள் அவன் பக்கம் திரும்பவேயில்லை. கழியில் இருந்த தொப்பியையே பார்த்தாள்.

"அப்ப அந்த வாசன... எம் புள்ள வரவே இல்லியா?"

முடிச்சை அவிழ்த்ததில் ஒரு தாயின் மகன் இரண்டாம் முறை செத்துப்போனான் என்று இராமதாஸுக்குத் தோன்றியது.

கமலா அருகே வந்து கிழவியின் தோளைத் தொட்டாள். குஞ்சம்மாள் அந்த வீங்கிய முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள்.

"வலிக்குதாடி?"

"வலிக்குது அத்தை."

"உள்ள வா. மஞ்சள் அரைச்சுப் போடறேன்." பிறகு, மகனைப் பாராமலே சொன்னாள்: "வெள்ளிக்கெழம வூட்ட வுட்டுப் போறது நீதான்டா அரி."