சும்மா பாத்தி

காலை 9.10.

"எது களவு போச்சு?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர் கோகிலவாணி.

"எதுவும் போகலைங்க. கொண்டாந்து போட்டிருக்காங்க," என்றார் டாக்டர் ஜூலியா.

தென்காசியிலிருந்து கல்வராயன் மலைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஆட்டுத் திருட்டு, வரப்புத் தகராறு, பம்புசெட் ஒயர் திருட்டு என்று எல்லாம் பார்த்துவிட்டார் கோகிலவாணி. கொடுத்துவிட்டுப் போனவன் மேல் புகார் வருவது இதுதான் முதல் தடவை. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஜூலியா சின்னசேலத்துக்காரர், மண் ஆராய்ச்சியாளர். வெள்ளிமலைக்குப் போகும் வழியில் நிலம் பிடித்து, வேலி போட்டு, மூன்று வருடமாக மக்காச்சோளம் நட்டு வருகிறார். மண்ணிலிருந்து பயிருக்கு எவ்வளவு சத்து போகிறது, அதில் எவ்வளவு மண்ணுக்கே திரும்பி வருகிறது என்பதுதான் அவர் கேள்வி. மொத்தம் நான்கு பாத்தி. ஒன்றுக்கு யூரியா, ஒன்றுக்கு மாட்டெரு, ஒன்றுக்குத் தழை. நான்காவதற்கு ஒன்றும் கிடையாது. அந்த மண் தன் சொந்தக் காலில் நின்று என்ன கொடுக்கும் என்று தெரிந்தால்தான் மற்ற மூன்றையும் எடைபோட முடியும். வேலையாட்களுக்குப் புரியட்டும் என்று அதற்கு அவர் வைத்த பெயர் 'சும்மா பாத்தி'.

மூன்று வருடமும் மஞ்சள் பூத்து நோஞ்சானாக நின்ற அந்தப் பாத்தியில்தான் இப்போது பயிர் கரும்பச்சையாக நின்றது.

"நாளைக்குச் சென்னையிலேர்ந்து பார்வையிட வர்றாங்க. எவ்வளவு உரம் போட்டான், எதுவரைக்கும் போட்டான்னு தெரியாம மூணு வருஷ அளவையும் எப்படி நம்புறது?" என்று கையை விரித்தார் ஜூலியா. கையிலிருந்த சாவிக்கொத்து குலுங்கியது. வேலிக் கதவு, உரக்கொட்டகை, கருவி அறை, கழிப்பறை, மழைமானி என்று அங்கே பூட்டாத பொருளே இல்லை.

"யார் மேல சந்தேகம்?"

"உரக்கொட்டகை சாவி எங்கிட்ட ஒண்ணு, இளமாறன்கிட்ட ஒண்ணு. என் மாணவன்தான். பட்டினி போட்டது போதும் மேடம்னு போன மாசம்கூடச் சொன்னான். நாலு மணி பஸ்ல ஊருக்குப் போயிடுன்னு சொல்லிட்டேன்."

கொட்டகை வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் இளமாறன். உளுந்தூர்பேட்டைப் பையன். இந்த ஆராய்ச்சிப் பட்டம் கிடைத்தால் அவன் வீட்டில் முதல் டாக்டர். கிடைக்காவிட்டால் அப்பாவோடு லாரிக்குப் போக வேண்டியதுதான்.

"நான் போடலைங்க," என்றான்.

கோகிலவாணி பாத்தியைச் சுற்றி நடந்தார். பச்சை முழுக்கப் பரவவில்லை. கொட்டகைக்குப் பின்புறம், வரப்பை ஒட்டி, அரை வட்டமாக மட்டும். நடுவில் பயிர் பழையபடி சோகை பிடித்து நின்றது. வரப்போரத்துச் செடிகள் சிலவற்றின் இலைநுனி கருகியிருந்தது. பாத்திக்குள் கால் தடமே இல்லை.

"யூரியாவை வீசினவன் உள்ளே இறங்காம, ஓரத்துல மட்டும் போடுவானா?"

"அவசரத்துல வீசியிருப்பான்," என்றார் ஜூலியா. "ஓரத்து மண்ணைச் சோதிச்சேன். தழைச்சத்து ஏறியிருக்கு. உப்பும் ஏறியிருக்கு."

"யூரியாவுல உப்பு வருமா?"

"வராது. வேற எதையாவது கலந்திருப்பான்." கோபம் வந்தால் படித்தவர் கண்ணையும் மறைக்கத்தான் செய்கிறது.

அடுத்து காவல்காரர் பூமாலை. ஐம்பதைத் தாண்டியவர். தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"ராத்திரி யாராவது உள்ள வந்தாங்களா அண்ணாச்சி?"

"ஒரு ஈ காக்கா வர்லம்மா. முழிச்சிக்கினேதான் இருப்பேன்."

"நீங்க வெளிய போனதுண்டா?"

"இந்தப் போகம் காட்டுப்பன்னித் தொல்ல ஜாஸ்தி. ராத்திரில வேலியத் தாண்டக்கூடாதுன்னு மேடம் சொல்லிக்கிறாங்க. தாண்டுனதே கெடையாது."

"அப்போ விடிய விடிய கொட்டகை வாசல்லதான்?"

"நடுவுல ரெண்டு மூணு தரம் கொல்லிக்குப் போவேன். அவ்ளோதாம்மா."

கோகிலவாணி நிமிர்ந்தார். கொல்லி என்று அவர் சொன்னது கொல்லையைத்தான். இந்தப் பக்கம் கொல்லை என்றால் மானாவாரி நிலம் என்று வந்த புதிதில் கற்றுக்கொண்டிருந்தார். வேலியைத் தாண்டவில்லை என்கிறார். இரவில் தன் நிலத்துக்குப் போய் வந்தேன் என்றும் சொல்கிறார். இரண்டில் ஒன்று பொய்.

மதியம் 1.30.

வேலிக்கு அந்தப் பக்கம் மரவள்ளி போட்டிருந்தவர் பொன்னுரங்கம்.

"மண்ணப் பட்டினி போடுறது பாவம்னு எத்தினி தபா சொன்னேன். ஆனா நான் போடல. எங்கொல்லிக்கே உரம் கம்மி, ஊரான் கொல்லிக்கு யாரு போடுவா?"

"பூமாலையோட கொல்லை எங்க இருக்கு?"

"அவனுக்கேது கொல்ல? கையகல நெலம் கெடையாது. இருந்தா இந்தக் காவ வேலைக்கு வருவானா?"

இல்லாத நிலத்துக்கு இரவில் மூன்று தடவை போகிறவரா! பூமாலையை ஜீப்பில் ஏற்றி விசாரிக்கலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்த முகத்தில் கள்ளம் இல்லை. குழப்பத்தோடு திரும்பி வந்தவருக்கு, காலையிலிருந்து குடித்த தண்ணீர் தன் வேலையைக் காட்டியது.

"கழிப்பறை..." என்று இழுத்தார். ஜூலியா கொத்தில் தேடி ஒரு சாவியை எடுத்து, தானே போய்த் திறந்துவிட்டார்.

வெளியே வந்த கோகிலவாணி அந்தப் பூட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

மாலை 3.40.

எல்லோரையும் சும்மா பாத்தியின் வரப்பில் நிறுத்தினார்.

"பூமாலை அண்ணாச்சி சொன்னது ரெண்டும் உண்மை. வேலியைத் தாண்டலை. கொல்லைக்கும் போனார். அண்ணாச்சி, எந்தக் கொல்லைக்கு?"

பூமாலை நெளிந்தார். "இன்னாம்மா, பொம்பளைங்க முன்னாடி... ஒண்ணுக்கு ஒதுங்கறதத்தான் சொன்னேன். மத்ததுக்கு விடிஞ்சதும் ஓடப் பக்கம் போய்டுவேன்."

பொன்னுரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட, கொல்லிக்குப் போறதுன்னா அதுதானே! இது தெரியாமலா போலீசு?"

"எங்க ஊர்ல வேற மாதிரி சொல்வோம்," என்றார் கோகிலவாணி, கொஞ்சமும் வெட்கப்படாமல். "தழைச்சத்தும் உப்பும் சேர்ந்து வந்தது அதனாலதான். வரப்புல நின்னா எட்டுற தூரத்துக்குத்தான் பச்சை. அதே இடத்துல விழுந்ததால நுனி கருகியிருக்கு. தினமும் சாயங்காலம் மழை அலசினதால வாடை இல்லை. வேலியே பயிரை மேயும்னு சொல்வாங்க. இங்க வேலியே ஊட்டி வளர்த்திருக்கு."

ஜூலியா சுற்றிலும் பார்த்தார். "இவ்ளோ இடம் இருக்கு. ஏன் இங்கேயே?"

"மத்த பாத்திக்கெல்லாம் எருவும் உரமும் போட்டு வெச்சிக்கிறீங்க, அங்க அசிங்கம் பண்ணலாமா? இது சும்மா பாத்தின்னு நீங்கதானே சொன்னீங்க? சும்மாதானே கெடக்குதுன்னு..." பூமாலையின் கண் கலங்கிவிட்டது. "தப்பாம்மா?"

"தப்பு உங்க மேல இல்லை," என்ற கோகிலவாணி ஜூலியாவின் கையைப் பார்த்தார். "ராத்திரி வேலியைத் தாண்டக்கூடாதுன்னும் சொல்லி, கழிப்பறையையும் பூட்டி, சாவியையும் சின்னசேலத்துக்கு எடுத்துட்டுப் போனா மனுஷன் எங்க போவார்?"

அத்தனை பேரும் சாவிக்கொத்தைப் பார்த்தார்கள். ஜூலியாவும் பார்த்தார். குற்றவாளி அவர் விரலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"மேடம்," என்றான் இளமாறன் தயங்கித் தயங்கி. "ஓரத்தோட நின்னுடுச்சு. நாம அளக்க மண் எடுக்கிறது நடுவுலதானே? மூணு வருஷ அளவும் அப்படியே இருக்கு."

ஜூலியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கழிப்பறைச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றிப் பூமாலையின் உள்ளங்கையில் வைத்தார்.

"ராத்திரியும் தொறக்கலாமாம்மா?"

"ராத்திரிக்குத்தான் அண்ணே."

"அதுக்கு முன்னாடி ஒரு போகம் எங்கொல்லிக்கு அனுப்புங்க மேடம்," என்றார் பொன்னுரங்கம். "மரவள்ளி வெளுத்துக் கெடக்குது."

சாலை வளைவில் ஹாரன் கேட்டது. நாலு மணி பஸ் வேலிக்கு எதிரே வந்து நின்றது. "கள்ளக்குறிச்சி! கள்ளக்குறிச்சி! ஏர்றவங்க ஏறு!"

இளமாறன் பையைத் தூக்கிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். ஜூலியா அவனிடம் போனார்.

"கேட்காமலே தீர்ப்பு சொல்லிட்டேன்டா. மன்னிச்சுக்கோ," என்று பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு சாலையைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"நீங்க போங்கண்ணே, இங்க ஏற யாரும் இல்ல!"