இருமல் சாரின் கோப்புகள்

ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வெளியே போய்த் தேநீர் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, மேசையில் சார்ஜுக்குப் போட்டிருந்த செல்போனையும் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். திரையில் அதே வரிதான்: கோப்புகளின் உரிமை மாற்றப்படுகிறது.

விடுமுறை நாளின் பிற்பகல். அலுவலகத்தில் ஈ, காக்கை இல்லை. சர்வர் அறையின் குளிரும், விசிறிகளின் ஓயாத இரைச்சலும், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனையும் அவனுக்குப் புதிதில்லை. குடும்பம் நடத்துவதே இந்த அறையோடுதான் என்று மனைவி குத்திக்காட்டுவாள். இன்று வந்தது சில்லறை வேலைக்கு. போன மாதம் இறந்துபோன இருமல் சாரின் பயனர் பெயரை சர்வரிலிருந்து நீக்க வேண்டும். ஒருவர் பெயரை நீக்கினால், பொதுக் கோப்புறைகளில் அவருக்குச் சொந்தமானதையெல்லாம் யார் பெயருக்கு மாற்றுவது என்று சர்வர் கேட்கும். அவன் சோம்பேறித்தனமாகத் தன் பெயரையே போட்டுவிடுவது வழக்கம். பிறகு மெதுவாகப் பிரித்துக் கொடுத்துக்கொள்ளலாம்.

இருமல் சார் இதே அறையில்தான் செத்தார். விடுமுறை நாளில் தனியாக வந்து, இந்த அலமாரிகளுக்கு நடுவே விழுந்து, மறுநாள் காலைவரை அப்படியே கிடந்தார். எங்கே காணோம் என்று தேட வீட்டில் ஆளில்லை. "சார் சொத்துன்னா என்ன, ஒரு மப்ளரு, ஒரு இருமல்" என்று அவர் காதுபடவே சொல்லிச் சிரித்தவன் இவன்தான். பாவம், அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

ஒண்டிக்கட்டைக்கு இவ்வளவு கோப்பா? அவன் திரையை மேலே நகர்த்திப் பார்த்தான். நீக்கப்படும் பெயர் என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது. பெறுபவர் என்ற இடத்தில் இருமல் சார்.

அவசரத்தில் இடம் மாற்றி அடித்திருக்கிறான். தன்னையே நொந்துகொண்டு, வேலையை நிறுத்தும் கட்டளையைக் கொடுத்தான். உங்களுக்கு அனுமதி இல்லை என்றது சர்வர். மறுபடி கொடுத்தான். அதே பதில். போச்சு, நாளைக்கு மேலதிகாரி காய்ச்சி எடுத்துவிடுவார் என்று நினைத்தபோதுதான் அந்த வாசனை வந்தது. இருமல் மிட்டாயின் காரமான, இனிப்பான வாசனை. திரையின் ஓரத்தில் மகளின் புகைப்படத்தை ஒட்டி வைத்திருந்தான். அப்பாவின் தோளில் உட்கார்ந்து அவள் பல் தெரியச் சிரிக்கும் படம். கண் தற்செயலாக அதில் விழுந்தது.

தோள் ஒல்லியாக இருந்தது. கழுத்தில் சாம்பல் நிற மப்ளர்.

கதவுக்கு ஓடி, அதைத் திறக்கும் அடையாள அட்டையை வைத்தான். சிவப்பு விளக்கு. மறுபடி. சிவப்பு. உள்ளே இருந்த தொலைபேசியை எடுத்து வீட்டு எண்ணை அழுத்தினான்.

"நான்தான். உள்ளே மாட்டிக்கிட்டேன். காவலாளிக்கு உடனே போன் பண்ணு."

"யாருங்க பேசறது?" என்றாள் மனைவி.

"விளையாடாதே. நான்தான்டி!"

"மரியாதையாப் பேசுங்க. எங்க வீட்டுக்காரர் இதோ இப்பதான் வந்து உக்காந்திருக்காரு. உங்களுக்கு யாரு வேணும்?"

அவள் பின்னால் ஓர் இருமல். வறண்டது. நீண்டது. எத்தனையோ தடவை அவன் நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கிய இருமல்.

பிறகு மகளின் குரல்.

"அப்பா, உங்க கை ஏன் இவ்ளோ சில்லுன்னு இருக்கு?"

பாப்பா, கிட்டே போகாதே! அலறினான். வாய் திறந்தது. தொண்டை கிழிந்தது. அறையில் விசிறிச் சத்தம் மட்டும்.

அவனுடைய குரலே தொலைபேசிக்குள்ளிருந்து வந்தது. நிதானமாக. கொஞ்சலாக.

"ரொம்ப நேரம் தரையில கிடந்தேன்ல, அதான் பாப்பா. வா, வந்து அப்பாவைக் கட்டிக்கோ."

சின்னக் காலடிகள் கேட்டன.

ஓடித்தான் போனாள்.