ஏகாதசித் தூக்கம்

குக்கர் நான்காவது விசில் அடித்தது. சுந்தரவல்லி மூன்றுக்கு மேல் விடமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து மூன்றுதான். ஹாலில் உட்கார்ந்திருந்த ஸ்ரீரங்கனுக்கு எது மறந்தாலும் இது மறக்கவில்லை. மத்தியான வெயிலில் சிட்லபாக்கமே அடங்கிக் கிடக்க, தூரத்தில் மின்சார ரயில் ஒன்றின் சத்தம் இழுத்துக்கொண்டே போய் ஓய்ந்த பிறகு, அடுப்பில் சாத்தமுது சுண்டி ரசப்பொடி கருகும் வாசனை மெல்ல ஹாலுக்கு வந்தது. ஐந்தாவது விசிலும் வந்தது.

எட்டு மாதத்துக்கு முன் அவருக்கு ஸ்ட்ரோக். கால் தேறிவிட்டது, மூளைதான் கைவிட்டது. ஓர் அறையில் நினைத்தது அடுத்த அறைக்குள் நுழைவதற்குள் காணாமல் போய்விடும். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்த மனுஷன்! எல்லாம் ஏகாதசி விரதமென்று சாப்பாட்டோடு பி.பி. மாத்திரையையும் சேர்த்து நிறுத்தியதால் வந்த வினை. "ஏன்னா, வெறும் வயித்துல மாத்திரை போடப்படாது" என்று சொன்னவளே சுந்தரவல்லிதான். பி.பி. அவளுக்கும் உண்டு. இன்றும் ஏகாதசி; சமையல் அவருக்கு மட்டும்தான்.

எழுந்து போய்ப் பார்த்தார். சமையலறைத் தரையில் சரிந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"வல்லி! என்னடி ஆச்சு?"

அவள் நாக்கு புரளவில்லை. கொழகொழவென்று ஏதோ சத்தம்தான் வந்தது. ஐயோ, இது அவருக்குத் தெரிந்த வாய். அவருக்கே வந்த வாய். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம், உடனே கொண்டுவந்தால் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னதுகூட இப்போது வார்த்தை பிசகாமல் ஞாபகம் வந்தது.

அடுப்பை அணைத்தார். போன் ஹாலில் இருந்தது.

"பயப்படாதே, இதோ வந்துட்டேன்."

ஹாலுக்கு வந்தார். மேஜை. காலண்டர். தைல வாசனை. எதற்கு வந்தோம்? பயம் மட்டும் மிச்சமிருந்தது, எதற்கென்று தெரியவில்லை. உட்கார்ந்தார்.

உள்ளே தட்டு ஒன்று உருண்டது. போய்ப் பார்த்தார்.

"ஐயோ, வல்லி!"

எப்போது விழுந்தாள்? போன். "போன், போன்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே திரும்ப நடந்தார். தெருவில் கீரைக்காரி கூவினாள். அவ்வளவுதான். போயிற்று.

மூன்றாம் முறை. நான்காம் முறை. அவருக்கு ஒவ்வொன்றும் முதல் முறை.

பிறகு போனே அடித்தது. மகள் ரோஹிணி, சிறுசேரி ஆபீசிலிருந்து. தினமும் லஞ்ச் நேரத்தில் பேசுவாள்.

"அப்பா, சாப்ட்டேளா? அம்மா எங்கே?"

உள்ளே ஏதோ ஒன்று சொல், சொல் என்று பிடுங்கியது.

"அம்மா... தரையில... படுத்துண்டிருக்கா."

"இன்னிக்கு ஏகாதசி இல்லையா, பட்டினி. அசதியா இருக்கும். பாவம், தூங்கட்டும்ப்பா. எழுப்பாதீங்கோ. நான் சாயங்காலம் பேசறேன்."

"சரிம்மா."

எழுப்பக் கூடாது. அப்பாடா! என்ன செய்வதென்று சொல்ல ஒருத்தியாவது இருக்கிறாள். பயம் போயிற்று.

அதையே முணுமுணுத்தபடி போனார். சுந்தரவல்லி சமையலறை வாசற்படி வரை ஊர்ந்து வந்திருந்தாள். கண் அவர் கையிலிருந்த போனையே பார்த்தது. அசையும் ஒரே கை அவர் வேட்டியைப் பிடித்தது.

விரல் விரலாக, வலிக்காமல், விடுவித்தார்.

"எழுப்பப்படாதுன்னு ரோஹிணி சொன்னா. தூங்கு."

மெதுவாக அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

கதவின் அடி இடுக்கில் நான்கு விரல்நுனிகள் வந்து தரையைத் துழாவின. அவர் சத்தம் வராமல் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் எழுந்திருக்கக் காத்திருந்தார்.