தவளைகளைத் துடைத்த மென்பொருள்

மனிதகுலம் இதுவரை காத்திருந்து வீணாக்கிய நேரத்தை எல்லாம் மீட்டுத் தரவே பிறந்தவன் மின்னல். ஆதாரம் வேண்டுமா? அவனே சொன்னான். பல் துலக்கிக்கொண்டே சொன்னான். ஒரே நேரத்தில் இரண்டு வேலை.

அவனுக்கு வயது பன்னிரண்டு. தங்கை கடுகுக்கு ஒன்பது. இரண்டும் வீட்டில் வைத்த பட்டப்பெயர்கள்.

அன்று பள்ளி விட்டு வந்ததும், அத்தை ஒரு பழைய கேசட்டை மேஜைமேல் வைத்தார். அத்தைக்குத் தவளைகளை எண்ணும் வேலை. நிஜமான வேலைதான், சம்பளம்கூட உண்டு.

"நம்ம வீட்டுப் பின்னால இருக்கிற குளம் இப்ப காஞ்சு கிடக்குல்ல? அது குளமே இல்ல, வெறும் பள்ளம், மண்ணைக் கொட்டி லாரி நிறுத்தப்போறோம்னு நகராட்சி ஆபீஸ்ல சொல்றாங்க. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் அங்க பதிஞ்ச தவளைச் சத்தம் இது. நாளைக்குக் காலையில அவங்க கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டணும்."

"அஞ்சு நிமிஷ வேலை அத்தை" என்றான் மின்னல். அத்தை நம்பி வெளியே போனார்.

அந்தத் தெருவில் ஓடுகிற நிலையில் இருந்த ஒரே டேப்ரெக்கார்டர் சலூன் மாமாவுடையது. அதை இரவல் வாங்கி வந்தார்கள்; ஆறு மணிக்குத் திருப்பித் தரவேண்டும். பாட்டு இல்லாவிட்டால் அவர் கத்தரிக்கோல் நகராது.

மணி நாலேகால். மின்னல் கம்ப்யூட்டரில் பதினொரு மென்பொருள்களை இறக்கினான். ஒன்று ஒரு நிமிடம் பதிந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. இன்னொன்று அவன் பிறந்தநாளைக் கேட்டது. சொன்னான். வாழ்த்துச் சொல்லிவிட்டு அதுவும் படுத்துக்கொண்டது. மின்னலின் கால் ஆடியது. கால் ஆடியதில் மேஜை ஆடியது. மேஜைமேல் கேசட்டும் ஆடியது.

"அண்ணா, இதுல ஒரே ஒரு சிவப்புப் பொத்தான்தான் இருக்கு" என்று பதினொன்றில் ஒரு மென்பொருளைக் காட்டினாள் கடுகு. "அழுத்தினா பதியுது. சத்தம் வந்தா கோடு ஆடுது. இது போதாதா?"

"அதுல கேசட் ஓடி முடியற வரைக்கும் உக்காந்திருக்கணும். நாப்பத்தஞ்சு நிமிஷம்! சிலைன்னு நினைச்சு உன் தலையில காக்கா உக்காரும்."

அவன் டேப்ரெக்கார்டரின் வேகப் பொத்தானை அழுத்திப் பார்த்தான். தவளைகள் கொசுக்களாக மாறின.

"சரி, வேற வழி இருக்கு" என்று தொண்ணூற்று நான்கு பொத்தான்கள் கொண்ட மென்பொருளைத் திறந்தான். அதில் 'தேவையற்ற இரைச்சலைத் தானே நீக்கும்' என்று எழுதியிருந்தது. இரண்டு நிமிடம் பதிந்து, நீக்கச் சொன்னான். பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று வந்தது. ஓடவிட்டான்.

அத்தையின் குரல் தேதியைச் சொன்னது. குளத்தின் பெயரைச் சொன்னது. "இப்போது தவளைகள்" என்றது.

அப்புறம் அமைதி. அப்பழுக்கில்லாத அமைதி.

"அண்ணா..."

"சும்மா இரு."

"ஆபீஸ்காரங்க செய்ய நினைச்ச வேலையை இது ஒரே நொடியில செஞ்சிடுச்சுண்ணா."

மின்னல் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து மணி ஐந்து நிமிடம். அவன் காது சிவந்தது.

கடுகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றினாள். கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர் தளர்ந்திருந்தது. விட்டால் 'கர்ர்' என்றது. ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் சரியாக இருந்தது. சாய்த்துப் பிடித்தபடியே சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

கோடு ஆடியது. க்ரோக். க்ரோக். ட்ரீங்.

மின்னல் எழுந்தான். உட்கார்ந்தான். ஜன்னலை மூடினான். திறந்தான். தண்ணீர் குடித்தான். இவ்வளவும் செய்து முடித்தபோது மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

இருபதாவது நிமிடத்தில் கடுகின் முகம் கோணியது. "கை மரத்துப் போச்சுண்ணா. விட்டா கெட்டுடும். முதல்லேருந்து பதிய நேரம் இல்ல."

மின்னல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் விரல்மேல் விரல் வைத்து, ஒயர் அசையாமல் வாங்கிக்கொண்டான். அவன் காலும் ஆடவில்லை. ஆடினால் ஒயர் ஆடும்.

ஐந்து நாற்பதுக்குச் சலூன் மாமா சீப்போடு ஓடிவந்தார். "டேய், பாதித் தலையோட ஒருத்தர் உக்காந்திருக்கார்டா! பாட்டு போட்டாத்தான் மீதியைக் காட்டுவேங்கறார்!"

"ஆறு மணின்னுதானே சொன்னீங்க மாமா?" என்றாள் கடுகு.

மின்னல் கண்ணாலேயே நாற்காலியைக் காட்டினான். மாமா உட்கார்ந்தார். க்ரோக். ட்ரீங். "இதுகூடக் கேக்க நல்லாத்தான் இருக்கு" என்று சீப்பால் தாளம் போட்டார்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கேசட் 'டக்' என்று நின்றது. கடுகு சேமித்தாள். ஓடவிட்டாள். தேதி இருந்தது. குளத்தின் பெயர் இருந்தது. தவளைகள் அத்தனையும் இருந்தன. மாமா டேப்ரெக்கார்டரை அணைத்துக்கொண்டு பாதித் தலையை நோக்கி ஓடினார்.

ஆறரைக்கு அத்தை வந்தார். மின்னல் காதில் ஹெட்போனோடு கம்ப்யூட்டர் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, இன்னுமா முடியல?"

"முடிஞ்சிடுச்சு அத்தை. நடுவுல எங்கயாவது விட்டுப்போயிருக்கான்னு முழுசாக் கேக்கறேன். இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு. பேசாதீங்க."

கடுகு சத்தமில்லாமல் போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"ஏண்டி மூடறே?" என்றார் அத்தை.

"காக்கா வந்துடும் அத்தை."

மின்னலுக்கு அது கேட்கவில்லை. அங்கே நாற்பத்தோராவது தவளை கத்திக்கொண்டிருந்தது.