மொழிவாரி வருமானம்

செவ்வாய்க்குப் பூமியிலிருந்து சரக்கு வந்து சேர ஏழு மாதம் ஆகும். அதற்காகச் செம்மண் நகரில் யாரும் அலுத்துக்கொள்வதில்லை. கரு தங்கியது தெரிந்ததும் முதல் வேலையாக வலையங்காடியில் வளைகாப்புக்கு வளையல் சொல்லிவிடுவார்கள். மாமியாருக்குச் செய்தி சொல்வதெல்லாம் அப்புறம்தான்.

அந்த அங்காடியின் தமிழ்ப் பக்கங்களை எழுதுபவள் மங்கையர்க்கரசி. பூமியிலுள்ள தலைமையகம் காலாண்டுதோறும் வருமானத்தை மொழிவாரியாகப் பிரித்துப் பார்க்கும். எந்த மொழியில் பக்கத்தைத் திறந்து வாங்குகிறார்களோ, அந்த மொழிக்கு அந்த விற்பனை சேரும். தொடர்ந்து இரண்டு காலாண்டு நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத மொழியை மூடிவிடுவார்கள். ஊரில் பாதிப் பேர் தமிழர்கள். ஆனாலும் போன முறை தமிழ் அரை சதவீதத்தில் வந்து நின்றது. தமிழை மூடினால் வேலை போகும். வேலை இல்லாதவருக்குச் செவ்வாயில் காற்றுப் பங்கீடு கிடையாது. அடுத்த கப்பலில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்தக் காலாண்டு அறிக்கையோடு மேலாளர் ஜெபசிங் ஓடிவந்தார்.

"மங்கை, முப்பத்தொரு சதவீதம்மா! தமிழ்தான் ஃபர்ஸ்ட்டு!"

அவள் நாற்காலியிலேயே அழுதுவிட்டாள். "நம்ம ஜனங்க கைவிடல சார்."

வாயார நன்றி சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. கடலை மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு, தமிழில் அதிகம் வாங்கிய வீட்டுக்கே போனாள். கதவைத் திறந்தவர் கதிரேசன், சுரங்கப் பொறியாளர்.

"தமிழ்லயா? நாங்களா?" அவர் சிரித்தார். "எங்க வீட்ல எல்லாமே இங்கிலீஷ்லதாங்க வெச்சிருக்கோம். தமிழ்ல எவன் உக்காந்து படிப்பான்?"

உள்ளேயிருந்து வீட்டுப் பணியன் எட்டிப் பார்த்தது. இந்தக் காலாண்டில்தான் அந்த எந்திரங்களுக்கு, தாமே மொழியைத் தேர்ந்து சாமான் வாங்கும் உரிமை வந்திருந்தது.

"வாங்கினது நான்தாங்கம்மா," என்றது. "இந்த வீட்ல சண்டை போடுறது, கொஞ்சுறது, கால் இடிச்சா கத்துறது எல்லாம் தமிழ்லதானே? அதான் கடையிலயும் அதுவேதான்னு நெனச்சேன். தப்புன்னா மாத்திடுறேன்."

"ஐயோ, மாத்திராதப்பா!" என்று பதறினாள் மங்கை. ஊரிலுள்ள பணியன்கள் எல்லாம் இதையேதான் நினைத்திருக்க வேண்டும். அவள் வேலையும் மூச்சுக்காற்றும் இவை போட்ட பிச்சை. பொட்டலத்தை அதனிடமே நீட்டினாள். தின்ன வாயில்லாத அது இரண்டு கையாலும் பணிவாக வாங்கிக்கொண்டது. "நீ நல்லா இருக்கணும்," என்றாள் மனதார.

கதிரேசனுக்குக் கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும். "அது சரி, மேடம் எதுல வாங்குவீங்க?"

"இதென்ன கேள்வி?" மங்கை உள்ளங்கைத் திரையைப் பெருமையாக விரித்துக் காட்டினாள்.

திரை ஆங்கிலத்தில் இருந்தது. செவ்வாயில் இறங்கிய முதல் நாள் எல்லோரையும் போல ஆங்கிலத்தை அழுத்தி வைத்தது. மூன்று வருடமாக அவள் வாங்கிய உப்பும் பருப்பும் ஆங்கிலத்தில்தான் போய்ச் சேர்ந்திருந்தன.

முகம் சிவக்க அவசரமாக அங்குமிங்கும் தொட்டுப் பார்த்தாள். விலை வந்தது, முகவரி வந்தது, புகார்ப் பெட்டிகூட வந்தது. மொழியை மாற்றும் இடம் மட்டும் எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"கையக் குடுங்கம்மா," என்றது பணியன். "நான் மாத்தித் தரேன்."