ஆறாம் வார்டு ரசம்

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. டெல்லி லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் மின்சாரம் போய், கூலரும் ஓய்ந்து, வீடே வெந்துகொண்டிருந்த நேரம் பார்த்து மாடி வீட்டு மானசா அழுதுகொண்டே வந்து நின்றாள். சாந்தகுமாரிக்கு அழுகிறவர்கள் மேல் வருத்தமில்லை. அழுதுகொண்டே விஷயத்தையும் சொல்கிறவர்களைத்தான் தாங்க முடியாது. ஓர் அமைச்சகத்தின் விஜிலென்ஸ் பிரிவில் அதிகாரியாக இருப்பதால் அவள் கேட்காத அழுகை இல்லை.

"முதல்ல தண்ணியைக் குடி. அப்புறம் அழு. கடைசியா பேசு. மூணையும் ஒண்ணாப் பண்ணாத."

சமையலறையிலிருந்து சதாசிவம் எட்டிப் பார்த்தார். விருப்ப ஓய்வு வாங்கிய நாள் முதல் அடுப்பு அவர் இலாகா. கூடவே, யாரும் கேட்காமலே, மனைவியின் உதவித் துப்பறிவாளர் பதவியையும் எடுத்துக்கொண்டிருந்தார். பீன்ஸ் வெந்த தண்ணீரை ரசப் பாத்திரத்தில் வடித்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்தார்.

"யாராச்சும் எதையாச்சும் திருடிட்டாங்களாம்மா?" என்றார் ஆவலாக.

"இல்ல அங்கிள். ஒரு பேஷன்ட் கிட்டத்தட்ட செத்துப் போயிட்டார். நான்தான் காரணம்னு சொல்றாங்க."

மானசா உணவியல் படிப்பு முடித்தவள். ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியன் பயிற்சியில் இருந்தாள். பயிற்சி முடிந்து கையெழுத்து வாங்கினால்தான் பட்டம்.

"ஆறாம் வார்டுல பாலசுப்ரமணியம்னு ஒருத்தர், ஆன்ட்டி. கிட்னி ப்ராப்ளம். ரத்தத்துல பொட்டாசியம் ஏறக் கூடாது, ஏறினா ஹார்ட் நின்னுடலாம். நானும் கூட ட்ரெயினிங்ல இருக்கற ஷ்ரேயாவும் மாத்தி மாத்தி அவரோட சாப்பாட்டை ப்ளான் பண்றோம். அவ நாள்ல எல்லாம் டீக், சரியா இருக்கு. என் நாளுக்கு அடுத்த நாள் ரத்தம் எடுத்தா ஏறியிருக்கு. ஒரு தடவை இல்ல, ஹர் பார், ஒவ்வொரு தடவையும். எங்க சீஃப் சுஷ்மா மேடம் புதன்கிழமை காலேஜுக்கு எழுதப் போறாங்க. எழுதிட்டா அவ்வளவுதான், பட்டமே கிடையாது."

"நீ என்ன சாப்பாடு குடுத்த?"

"அவர் தமிழ்க்காரர். ஷ்ரேயா நாள்ல ரொட்டி, சப்ஜி. என் நாள்ல சாதம், பொரியல், பருப்பும் தக்காளியும் போடாத எலுமிச்சை ரசம் ஒரு கிண்ணம். பொரியலுக்குக் காயைப் பொடியா நறுக்கி நிறையத் தண்ணியில வேக வெச்சு வடிக்கச் சொல்லியிருக்கேன். பொட்டாசியம் தண்ணியில இறங்கிடும். ஷ்ரேயாவும் அதேதான் சொல்லியிருக்கா. என் ப்ளான்ல ஒரு தப்பும் இல்லன்னு மேடமே சொன்னாங்க. அப்ப ப்ளான்ல இல்லாத எதையோ நீ குடுக்கறன்னு திட்டறாங்க."

"சமைக்கறப்போ நீ பக்கத்துல இருந்தியா?"

"கிச்சனுக்குள்ள ஸ்டூடன்ட்ஸ் போகக் கூடாது. ரூல். எழுதிக் குடுத்துட்டு வார்டுல நிக்கணும்."

சாந்தகுமாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். சாப்பாட்டைப் பற்றிப் படிக்க வந்த பெண்களைச் சமையலறையில் விடாத ஊர் இது. இதற்குப் பயிற்சி என்று பெயர்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டாள். பஸ்ஸில் வெந்து, வேலை செய்யாத லிஃப்டைத் திட்டி, படியேறி ஆறாம் வார்டை அடைவதற்குள் சதாசிவம் மூன்று பேர் மேல் சந்தேகப்பட்டுவிட்டார். முதலில் ஷ்ரேயா, பொறாமையால். பிறகு சமையல்காரர், அலட்சியத்தால். கடைசியாக நோயாளியின் மனைவி, பாசத்தால்.

பாலசுப்ரமணியம் சரோஜினி நகர்வாசி. சதாசிவத்தின் பழைய ஆபீஸ்காரர். கட்டிலில் சாய்ந்திருந்தவர் இவர்களைப் பார்த்ததும் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ரொட்டி நாள் எனக்குப் பட்டினி நாள் சார். மானசா நாள்தான் நாக்குக்கு உயிர் வர்றது. அந்த ரசம் இருக்கே, பருப்பு கிடையாது, தக்காளி கிடையாது, ஆனா என்ன ருசி. லேசா ஒரு தித்திப்பு. சமயத்துல ரெண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிப்பேன்."

அவர் மனைவி பட்டுவின் பையில் ஒரு பிளாஸ்க் இருந்தது. சதாசிவம் சாந்தகுமாரிக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, பொட்டாசியம் நிறைந்த இளநீராகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையுடன் அதைத் திறந்து மோந்து பார்த்தார்.

"அது என் காபி," என்றாள் பட்டு. "அவருக்குக் குடுக்கப்படாதுன்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து நான் வராண்டாவுல ஒளிஞ்சுண்டு குடிக்கறேன். அதையும் நீங்க மோந்து பாக்கணுமா?"

சதாசிவம் பிளாஸ்க்கை மூடி வைத்தார். சாந்தகுமாரிக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடாமல் நேரே சமையலறைக்குப் போனாள். அதிகாரமாக நடந்து போகிறவர்களை டெல்லியில் யாரும் தடுப்பதில்லை.

உள்ளே ஒரு கோடியில், எல்லாரும் பையா என்று கூப்பிடும் வடக்கத்தி ரொட்டிக்காரர். அவர் அடுப்புக்குக் கீழே சாக்கடை வாய் ஈரமாக, காரட் துணுக்கும் பீன்ஸ் துணுக்குமாகக் கிடந்தது. மறு கோடியில், அன்றைய பொரியலை அப்போதுதான் இறக்கி வைத்திருந்த விழுப்புரத்துக் கலியன். அவர் பக்கத்துச் சாக்கடை வாய் சுக்காகக் காய்ந்து, மேலே ஒரு வெங்காயச் சருகு அசையாமல் கிடந்தது.

"மானசா சொன்ன மாதிரிதான் காயை வேக வெக்கிறீங்களா?"

"அப்படியேம்மா. பொடியா நறுக்கி, தண்ணி நெறைய ஊத்தி, வேக வெச்சு வடிச்சிடுவேன். ஒரு நாளும் தவறினது இல்ல. நம்மூர்ப் பொண்ணு சொல்லுது, செய்யாம இருப்பேனா?"

பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டிருந்த சதாசிவத்துக்கு ஏமாற்றம். "இவரும் இல்ல. அப்ப அந்த ஷ்ரேயாதான்."

"எல்லாரையும் இங்கேயே கூப்பிடுங்க," என்றாள் சாந்தகுமாரி.

தலைமை டயட்டீஷியன் சுஷ்மா புசா ரோட்டில் வளர்ந்த தமிழ்ப் பெண்; எந்த நேரமும் அவசரத்தில் இருப்பவர். வாசலில் மானசாவைப் பார்த்ததுமே முகம் கடுத்தது.

"ஸ்டூடன்ட்ஸ் உள்ள வரக் கூடாது."

"இன்னிக்கு வரட்டும் மேடம். முன்னாடியே வந்திருந்தா நான் லீவு போட்டிருக்க வேண்டாம்." சாந்தகுமாரி குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு பொண்ணுங்களும் ஒரே மாதிரி சொல்லியிருக்காங்க. காயும் அதே காய். சாதத்துலயும் ரொட்டியிலயும் இவ்வளவு வித்தியாசம் வராதுன்னு உங்களுக்கே தெரியும். மிச்சம் என்ன? ரசம். பருப்பும் தக்காளியும் இல்லாத ரசம் எப்படி இருக்கணும்? சப்புன்னு இருக்கணும். பாலசுப்ரமணியம் சார் ரெண்டாவது கிண்ணம் கேக்கறார். தித்திக்குதுங்கறார். அந்த ருசி எங்கேருந்து வந்தது?"

அவள் கீழே கையைக் காட்டினாள்.

"ரெண்டு சாக்கடையையும் பாருங்க. பையா பக்கம் நனைஞ்சிருக்கு. கலியன் பக்கம் காய்ஞ்சிருக்கு. ரெண்டு பேரும் வடிக்கறாங்க. ஆனா கலியன் வடிச்ச தண்ணி சாக்கடைக்குப் போகலை."

கலியன் விழித்தார். "ஏம்மா போகணும்? அதுலதான ரசமே வெக்கிறேன். எங்க அம்மா அப்படித்தான் வெக்கும். காய் சத்து பூரா அதுலதான இருக்கு?"

"பூரா அதுலதான் இருக்கு. அந்த மனுஷனுக்கு ஆகாததும் அதுலதான் இருக்கு. பொரியல்ல இருந்து எடுத்ததை ரசத்துல குடுத்துட்டீங்க."

கலியன் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சாமி, நான் விஷமா குடுத்தேன்?"

"கலியனை மாத்திடறேன்," என்றார் சுஷ்மா சட்டென்று.

"வேண்டாம் மேம்." மானசா கலியன் பக்கம் போய் நின்றாள். "வடிக்கச் சொன்னேன். ஏன்னு சொல்லலை. அந்தத் தண்ணியைக் கொட்டணும்னும் சொல்லலை. தப்பு என்னோடது."

சுஷ்மா காய்ந்த சாக்கடையை எரிச்சலோடு பார்த்தார்.

"எங்க வீட்லயும் அப்படித்தான் ரசம் வெப்பாங்க," என்றார். "எனக்கே தோணலை. நாளைக்கு நீ இங்க நின்னு, உன் கையால தண்ணியைக் கொட்டு. புதன்கிழமை ரிப்போர்ட் நல்லா வந்தா எழுத மாட்டேன். வரலைன்னா எழுதுவேன்."

திரும்பும் வழியில் பஸ்ஸில் சதாசிவத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "எப்படி சாந்தா கண்டுபிடிச்ச?"

"நேத்து அந்தப் பொண்ணு வந்தப்போ பீன்ஸ் தண்ணியை எதுல வடிச்சிட்டு ஓடி வந்தீங்க?"

அவர் யோசித்தார். யோசித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரும் வரை பேசவில்லை. அந்த நாளில் சாந்தகுமாரிக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான்.

புதன்கிழமை பொட்டாசியம் இறங்கியிருந்தது. சுஷ்மா எழுதவில்லை, பயிற்சிப் பெண்கள் எல்லாரும் இனி சமையலறையிலும் நிற்க வேண்டும் என்று மட்டும் சிடுசிடுத்துவிட்டுப் போனார்.

மானசாவின் அடுத்த முறை வந்தது. பாலசுப்ரமணியம் ரசத்தை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, இன்னிக்கும் வெந்நீருக்கு மிளகைக் காமிச்ச மாதிரி இருக்கு. கலியனுக்கு இன்னும் உடம்பு சரியாகலையா?"

மானசா அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"தேங்க் யூ சார்," என்றாள்.